ஆவன இறங்கும் இடம்

கோரைக்குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள். பொரித்தபோது இன்னும் கூடுதலாக இருந்தன. தை மாதக் கடைசியில் எண்ணியபோது இத்தனை. விரால் தினமும் காலையில் ஒருமுறையும் பொழுது சாயும்போது ஒருமுறையும் எண்ணும். எண்ணி முடித்த பிறகுதான் இரை தேடப் போகும்.

குளத்தின் தென்கரையில் ஒரு பழைய படித்துறை இருந்தது. மனிதர்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டு நெடுநாள் ஆகிவிட்டது. மொத்தம் பன்னிரண்டு படிகள். அப்போது மூன்று படிகள் வெளியே தெரிந்தன. ஒன்பது நீருக்குள் இருந்தன. ஒன்பது படி நீர் இருந்தால் கோடையைத் தாண்டிவிடலாம். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்து, சேற்றில் புதைந்து கிடக்கப் பழகிவிடும். அதுவரை அவற்றுக்கு நீர் வேண்டும்.

ஒருநாள் காலை கீழ்க்கரையில் நீர் கசிந்தது.

அது நண்டு தோண்டிய வளை. அந்தக் கரையில் நண்டுக்கு ஆறு வளைகள். ஐந்து வளைகள் கரைக்குள்ளேயே முடிந்தன. ஆறாவது மட்டும் மறுபக்கம் வரை போய்விட்டது. நண்டு அதைக் கண்டது, பயந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சுண்டுவிரல் பருமன் இருந்த ஓட்டை இரண்டே நாளில் கட்டைவிரல் பருமன் ஆயிற்று.

விரால் அதைப் பார்த்துவிட்டு ஆமையிடம் ஓடியது. குளத்தில் ஆமைதான் வயதில் மூத்தது. இப்போதே நாலு பிடி மண்ணை வைத்து அடைத்துவிடலாம் என்றது விரால். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்து, யோசித்து, மெல்ல வெளியே நீட்டியது.

"கரை பொதுச்சொத்து. நாமளா அதுல கை வைக்கக் கூடாது. முறைப்படி மெம்பர்கிட்ட மனு கொடுப்போம்."

மெம்பர் என்பது செம்போத்து. செம்போத்து வலப்பக்கம் போனால் நல்ல சகுனம் என்று எல்லாருக்கும் தெரியும். தேர்தல் நாளன்று அது ஓட்டுப் போட வந்தவர்களுக்கு முன்னால் பதினேழு முறை இடமிருந்து வலமாக நடந்தது. இருந்த ஓட்டு நாற்பத்து மூன்று. அதற்கு விழுந்தது முப்பத்தொன்று. இரண்டு தோளிலும் செங்கல் நிறத்தில் இறக்கை, துண்டு போட்டது போல. குரலோ பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது போலக் கனமாக இருக்கும். இப்படிப்பட்ட ஒருவர் மெம்பராகாமல் வேறு யார் ஆவது?

செம்போத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. குளத்துக்கு வந்தால் பெருங்காட்டு விஷயங்களைப் பேசும். பெருங்காட்டில் ஏழு காடுகளும் கூடும் பேரவைக்குப் போனால் குளத்து விஷயங்களைப் பேசும். கடல்நீர் உப்பாக இருப்பதை இனியும் பொறுக்க முடியாது என்று அது கோரைக்குளத்துக் கரையில் நின்று அரைநாள் முழங்கியிருக்கிறது. கேட்டவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் தவளைகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரவையில் அதே செம்போத்து கோரைப்புல்லின் உயரத்தைப் பற்றி அரைநாள் முழங்கும். அதனால் குளத்தில் அதற்குப் பெரிய தேசத் தலைவர் என்று பேர். பேரவையில் மண்ணை மறக்காத குளத்து ஊழியர் என்று பேர். கடலும் இனிக்கவில்லை. கோரையும் ஒரு விரற்கடை கூட வளரவில்லை.

மனுவை நத்தை எழுதியது. அந்தக் குளத்தில் எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். ஓர் ஆலிலையில் மேலிருந்து கீழே ஊர்ந்து ஊர்ந்து எழுதும். காய்ந்த பிறகு வெயிலில் பிடித்தால் எழுத்து மின்னும். ஐந்து வரி எழுத இரண்டு நாள் ஆயிற்று. செம்போத்து இலையை அலகில் கவ்விக்கொண்டு பேரவைக்குக் கிளம்பியது. அதற்குப் பறப்பதைவிட நடப்பதுதான் பிடிக்கும். போகவும் வரவும் ஒன்பது நாள் பிடித்தது.

அதற்குள் மேலும் இரண்டு படிகள் வெளியே வந்துவிட்டன. நீருக்குள் ஏழு. குஞ்சுகள் நானூற்று ஒன்று.

பதினோராம் நாள் செம்போத்து திரும்பி வந்தது. வழியெல்லாம் இலையை அலகிலிருந்து விடவில்லை. படித்துறையில் ஏறி நின்று இலையைக் கீழே வைத்து ஒரு காலால் அழுத்திக்கொண்டது.

"குளத்து மக்களே! பேரவையில நான் எழுந்து நின்னேன். பேசினேன். பேரவைத் தலைவர் யானை தன் காலடித் தடத்தை இதுல பதிச்சிருக்கார். முள்ளம்பன்றி தன் முள்ளால ரெண்டு வார்த்தை குத்தி எழுதியிருக்கார். உங்களுக்காக நான் வாங்கிட்டு வந்திருக்கிறேன்!"

என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாரும் கேட்டார்கள். நத்தை இலைமேல் ஏறி, ஊர்ந்து படித்தது.

"ஆவன செய்க."

 அந்தச் சொல்லை அதற்கு முன் அங்கே யாரும் கேட்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மெம்பருக்கு முன்னால் அப்படிச் சொன்னால் மதிப்பு என்ன ஆவது? மெம்பருக்கும் தெரியாது. மெம்பராக இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

"ஆவனயா!" என்றது ஒரு தவளை, நீண்ட பெருமூச்சோடு. "நமக்கா!"

அது ஒரு பெரிய கதவாக இருக்கும் என்று தவளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. நண்டு அது ஒருவகைப் பாறை என்றது. ஆமைதான் வயதில் மூத்தது ஆயிற்றே, அது சும்மா இருக்க முடியுமா?

"எங்க தாத்தா காலத்துல இங்க ஒரு ஆவன வந்துச்சு. அப்ப நான் சின்னப்பிள்ளை. கூட்டத்துல முழுசாப் பார்க்க முடியல. பின்பக்கம் மட்டும் பார்த்தேன்."

பின்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நல்ல அகலம் என்றது ஆமை.

இதையெல்லாம் பட்டுப்போன கருவேலங்கிளையில் உட்கார்ந்து மீன்கொத்தி கேட்டுக்கொண்டிருந்தது. மெம்பர் வெளியூர் போனால் குளத்தைப் பார்த்துக்கொள்வது தான்தான் என்று அதுவே சொல்லிக்கொள்ளும். ஒன்பது படி நீர் இருந்தபோது அதற்கு ஒரு நாளைக்கு நாலு மீன்தான் சிக்கும். ஏழு படி ஆனதும் ஆறு சிக்கியது. மீன்கொத்திக்குக் கணக்கு நன்றாக வரும். ஐந்து படி ஆனால் ஒன்பது சிக்கும். மூன்று படி ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தின்னலாம்.

அது பறந்து வந்து மெம்பரின் பக்கத்தில் உட்கார்ந்து, பணிவாகத் தலையைத் தாழ்த்தியது. ஆவன மிகவும் பாரமானது என்றும், ஏழு யானைகள் சேர்ந்துதான் தூக்கி வர முடியும் என்றும், வழி செப்பனிட நாளாகும் என்றும் விளக்கியது. செம்போத்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றது. தனக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லித் தந்ததில் அதற்கு அவ்வளவு நிம்மதி.

"இன்னொண்ணு," என்றது மீன்கொத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆவன வந்து இறங்கும்போது ஓட்டை அப்படியே இருக்கணும். யாராவது அவசரப்பட்டு அடைச்சிட்டீங்கன்னா, இங்க ஓட்டையே இல்லையேன்னு ஆவன வேற குளத்துக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அது நியாயமாகத்தான் பட்டது. உடனே ஓட்டைக்குக் காவல் போட்டார்கள். பகலில் தவளைகள் நந்நான்காக முறை வைத்து ஓட்டையைக் காத்தன. யாரும் அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. ஓட்டை நல்ல பாதுகாப்பில் வளர்ந்தது. வளர வளரக் கீழ்நோக்கி அரித்துக்கொண்டே போயிற்று. நீர் அதைத் துரத்திக்கொண்டே இறங்கியது.

பிறகு, ஆவன எந்த இடத்தில் இறங்குவது என்று பேச்சு வந்தது. வடகரையில் இறங்க வேண்டும் என்றது ஆமை. ஆமை வடகரையில் குடியிருந்தது. தென்கரையில்தான் என்றன தவளைகள். அவை குடியிருந்தது தென்கரையில். ஓட்டை இருப்பது கீழ்க்கரையில் என்பது இரண்டு தரப்புக்கும் அந்த நேரத்தில் நினைவில்லை. இந்தப் பேச்சு ஆறு நாள் நடந்தது. கடைசியில் பாதி ஆவன வடகரையிலும் பாதி தென்கரையிலும் இறங்கட்டும் என்று செம்போத்து தீர்ப்புச் சொன்னது. எல்லாரும் அதன் அறிவை மெச்சினார்கள். இரண்டு இடத்திலும் புல்லைச் செதுக்கி, சருகை அகற்றி, வட்டமாகத் தளம் போட நாலு நாள் ஆயிற்று.

நீருக்குள் ஐந்து படிகள்.

விரால் மட்டும் அந்த வேலை எதற்கும் போகவில்லை. குஞ்சுகளை விட்டுவிட்டு அது எங்கே போகும்? நீர் குறையக் குறைய அவற்றை மறைத்து வைக்க இடம் இல்லை. பாசி பிடித்த மூலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தரை ஆகிக்கொண்டிருந்தன. அது தளம் போடும் இடத்துக்கு அருகே வந்து தலையை வெளியே நீட்டியது. மேலே செம்போத்து நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மெம்பரே, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுக்கா. மக்கள் கேட்கத்தானே நான் இருக்கேன்."

"ஆவனன்னா என்ன?"

செம்போத்து தொண்டையைச் செருமியது. இடது காலை வைத்தது. வலது காலை வைத்தது. அதெல்லாம் நிர்வாகச் சொல் என்றும், மேல்மட்டத்தில் புழங்குவது என்றும், விளக்கினாலும் நீருக்குள் இருப்பவர்களுக்குப் புரியாது என்றும் சொன்னது. பிறகு கடல்நீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

விரால் விடவில்லை. இன்னும் ஐந்து படிதான் இருக்கிறது என்றது. இருபது நாளில் நாலு படி போய்விட்டது, இனி ஓட்டை பெரிது, இரண்டு நாளுக்கு ஒரு படி போகும் என்று கணக்குச் சொன்னது.

அதற்கு மீன்கொத்தி கிளையிலிருந்து பதில் சொன்னது. "விராலக்காவுக்கு எப்பவும் தன் பிள்ளைங்க நினைப்புதான். ஏழு காடும் கூடி நமக்காக ஒரு காரியம் பண்ணுது. கொஞ்சம் பொதுநலம் வேணும்க்கா."

தவளைகள் எல்லாம் விராலைத் திரும்பிப் பார்த்தன. விரால் தலையை நீருக்குள் இழுத்துக்கொண்டது. அன்று மாலை எண்ணியபோது குஞ்சுகள் முந்நூற்று எண்பத்தெட்டு.

விரால் சொன்ன கணக்கு தப்பவில்லை. அடுத்த நாலு நாளில் இரண்டு படிகள் போயின. நீருக்குள் மூன்று. குஞ்சுகள் முந்நூற்று எழுபத்தொன்று. மீன்கொத்திக்குத் தொந்தி விழுந்திருந்தது. அது இப்போதெல்லாம் கிளைக்குப் பறந்து போவதே இல்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தது.

இருபத்தாறாம் நாள் காலையில் ஓட்டைக்கு மேலிருந்த மண் பொத்தென்று சரிந்தது. காவல் இருந்த தவளைகள் நாலும் ஆளுக்கொரு பக்கம் குதித்தன. கரையின் மேல் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. ஓட்டை இப்போது பனங்காய் அளவு. நீர் அதற்குள் சுழித்துக்கொண்டு பாய்ந்தது. இன்னும் ஒரு சரிவு சரிந்தால் கரை உடையும். உடைந்தால் படிக்கணக்கு எல்லாம் இல்லை. மதியத்துக்குள் குளமே இல்லை.

எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள். ஆவன எங்கே, எங்கே என்று கேட்டார்கள். செம்போத்து வழியைப் பார்த்தது. வழியில் தூசிகூட இல்லை. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, இன்று காலை இரண்டாவது காட்டைத் தாண்டியிருக்கும் என்றது. அதன் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இல்லை. உடைந்த ஓட்டுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

விரால் குஞ்சுகளை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு தவளைகள் இருக்கும் பக்கம் வந்தது. தவளைகள் பின்வாங்கின. விரால் தவளை தின்னும்.

"என் பிள்ளைங்களைச் சுத்தி உட்காருங்க. மீன்கொத்தி கிட்ட வந்தா கத்துங்க. கூட்டமாக் கத்தினா அது வராது."

"நாங்க ஏன் உட்காரணும்?" என்றது பெரிய தவளை. "போன கார்த்திகையில எங்க வீட்டுல ரெண்டு பேரைத் தின்னே."

"மூணு," என்றது விரால். "பொய் சொல்ல மாட்டேன். மழை விழற வரைக்கும் இனி ஒரு தவளையையும் தொட மாட்டேன்."

பெரிய தவளை மற்றவற்றைப் பார்த்தது. எண்ணிக்கையைத் தனக்கு எதிராகவே திருத்திச் சொன்னவரை நம்பலாம் என்று அதற்குப் பட்டது. இருபத்திரண்டு தவளைகள் குஞ்சுகளைச் சுற்றி வட்டமாக இறங்கின.

விரால் ஓட்டையை நோக்கித் திரும்பியது. கரையில் செம்போத்து இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மெம்பரே, உங்க ஆவன வரும்போது வரட்டும். அதுவரைக்கும் என்னால ஆவது இதுதான்."

சொல்லிவிட்டு அது வாலை ஓட்டைக்குள் விட்டது. பாய்ந்த நீர் அதன் உடம்பை உள்ளே இழுத்தது. அது ஒரு முழ நீளம், நல்ல பருமன். பாதி உடம்பு ஓட்டைக்குள் போய் இறுகியது. மீதி வெளியே நின்றது. தலையை மேல்நோக்கி வளைத்தால் மூச்சுக்கு வாய் நீர்மட்டத்தை எட்டும். அவ்வளவுதான். சுழிப்பு நின்றது. பக்கவாட்டில் நூல் போல நீர் ஒழுகியது.

 நத்தை தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"என்னால ஆவது... உன்னால ஆவது..." பிறகு சற்று உரக்க, "ஒண்ணுன்னா ஆவது. பலதுன்னா ஆவன."

ஆமை கழுத்தை முழுதாக வெளியே நீட்டியது. அது அப்படி நீட்டியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"என்ன சொல்றே?"

"ஆகக்கூடியது எதெதுவோ அதெல்லாம்தான் ஆவன. கதவு இல்ல, பாறை இல்ல. செய்ய வேண்டியதைச் செய்யுங்கன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

யாரைச் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறது என்று கேட்டது நண்டு. இலையை யார் கையில் கொடுத்தார்களோ அவரை என்றது நத்தை. எல்லாரும் செம்போத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப ஆவன எங்கிருந்தும் கிளம்பல," என்றது நண்டு. "பதினஞ்சு நாளா மெம்பரோட காலடியிலேயே கிடந்திருக்கு."

மீன்கொத்தி அவசரமாகக் குறுக்கே வந்தது. நத்தை சொல்வதை நம்ப வேண்டாம் என்றது. ஏழு யானைகளை நினைத்துப் பாருங்கள் என்றது. பின்பக்கத்தை ஆமையே பார்த்திருக்கிறதே என்றது. ஆமை வானத்தைப் பார்த்தது. தான் பார்த்தது அனேகமாக ஓர் எருமையின் பின்பக்கமாக இருக்கலாம் என்று மெல்லச் சொன்னது.

அப்போது நண்டு முன்னால் வந்து நின்றது. 

"அந்த வளையைத் தோண்டினது நான்தான். ஆறாவது வளை. முதல் நாளே தெரியும், சொல்லல. உள்ள எங்க வளையும் எங்க குறுகும்னு எனக்குத்தான் தெரியும். வெளிப்பக்கமாப் போய் நானே அடைக்கிறேன். மண் மட்டும் கொண்டு வந்து கொடுங்க."

யாரும் அதைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. பாய்ச்சல் நின்றிருந்ததால் வெளிப்பக்கம் வைத்த மண் கரையாமல் நின்றது. விராலின் உடம்பு உள்ளே அடைத்துக்கொண்டிருக்க, நண்டு வெளியே இருந்து களிமண்ணைத் திணித்து இறுக்கியது. ஆமை முதுகில் களிமண் சுமந்து வந்தது. பதினான்கு நடை. நத்தை ஈர மண்ணின் மேல் ஊர்ந்து ஊர்ந்து மெழுகியது. மெதுவான வேலை என்றாலும் நேர்த்தியான வேலை.

செம்போத்து சிறிது நேரம் தனியாக நின்றது. இலையை எடுத்து ஒருமுறை பார்த்தது. பிறகு தோளை ஒடுக்கிக்கொண்டு கரையிலிருந்து இறங்கியது. அலகால் மண்ணைக் கிளறி எடுத்து நண்டின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. வைத்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. மறுபடியும் போய் எடுத்து வந்தது.

மீன்கொத்தி இதற்குள் குஞ்சுகள் பக்கம் போயிற்று. தவளைகள் கத்தின. அது வட்டமிட்டுத் திரும்பியது. கத்தியவர்கள் களைத்துப்போன நேரத்தில் இரண்டு முறை பாய்ந்தது. மூன்றாம் முறை பாய வந்தபோது செம்போத்து மண்ணைக் கீழே போட்டுவிட்டு, இறக்கையை விரித்துக்கொண்டு அதன்மேல் விழுந்தது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. தொந்தி விழுந்த மீன்கொத்தியால் வேகமாகப் பறக்க முடியவில்லை. நாலு நீல இறகுகளை விட்டுவிட்டு அது மேற்கே போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குளத்துப் பக்கம் வரவில்லை.

வேலை இரண்டு பகல் நடந்தது. இரண்டாம் நாள் பொழுது சாயும் முன் நண்டு வெளிப்பக்கத்து மண்ணைக் கொடுக்கால் தட்டிப் பார்த்தது. கெட்டியாக இருந்தது. இனி வரலாம் என்று சொல்லியனுப்பியது. விரால் நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. அதன் வாலில் செதில்கள் உரிந்திருந்தன. நேராக நீந்தக்கூட முடியவில்லை. ஆனாலும் முதலில் குஞ்சுகளிடம்தான் போயிற்று. தவளைகள் விலகி வழிவிட்டன.

விரால் எண்ணியது. முந்நூற்று அறுபத்தாறு. மறுபடியும் எண்ணியது. முந்நூற்று அறுபத்தாறுதான்.

"ரெண்டு பாய்ச்சல்ல அஞ்சு போயிடுச்சுக்கா," என்றது பெரிய தவளை. "நாங்க கத்தினோம்."

"கேட்டுச்சு," என்றது விரால்.  குஞ்சுகளைத் தன் அடியில் சேர்த்துக்கொண்டு ஆழத்துக்குப் போயிற்று. மூன்று படி ஆழம்.

அந்த மூன்று படி நீர் போதுமானதாக இருந்தது. சித்திரையில் இரண்டு நாள் மழை விழுந்து ஒரு படி கூட்டியது. விரால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. முதல் மழைத்துளி விழும் வரை ஒரு தவளையையும் தொடவில்லை. மழை விழுந்த அன்று தவளைகள் எல்லாம் குளத்தின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தன. அவையும் கணக்குத் தெரிந்தவை.

மழைக்குப் பிறகு ஒருநாள் பேரவையிலிருந்து கீரிப்பிள்ளை வந்தது. கொடுத்த உத்தரவு நடந்ததா என்று குளம் குளமாகப் போய்ப் பார்ப்பது அதன் வேலை. அது படித்துறையில் உட்கார்ந்து, செம்போத்தை வரச் சொல்லி விசாரித்தது.

"ஆவன செய்யப்பட்டதா?"

"செய்யப்பட்டது."

"யார் செய்தது?"

செம்போத்து வாயைத் திறந்தது. சொல்ல வந்த சொல் எல்லாருக்கும் தெரியும். ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. நத்தை நின்றுவிட்டது. தவளைகள் மறுகோடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டன. நீருக்குள் விரால் மட்டும் எதையும் கவனிக்காமல் காலைக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தது.

செம்போத்து திறந்த வாயை மூடியது. மறுபடியும் திறந்தது.

"விரால் செய்தது. நண்டு அடைச்சது. ஆமை சுமந்தது. நத்தை பூசினது. தவளைங்க காவல் இருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் பதினோரு வாய் மண் போட்டேன்," என்றது.

"ஒன்பது," என்றது வளைக்குள்ளிருந்து நண்டு.

"ஒன்பது," என்றது செம்போத்து.

கீரிப்பிள்ளை ஒன்பது என்றே குறித்துக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போயிற்று. அடுத்த தேர்தலிலும் செம்போத்துதான் வென்றது. இந்த முறை நாற்பத்து மூன்றில் முப்பத்து நான்கு. ஓட்டுப் போட்டவர்களுக்கு முன்னால் அது ஒருமுறைகூட வலப்பக்கம் நடக்கவில்லை.

நம்மால் ஆவதை நாம் செய்யாமல், பெரிய இடத்திலிருந்து வரும் என்று காத்திருந்தால், வருவதற்குள் இருப்பதும் போய்விடும்.